யார் மேலும் குற்றமில்லை: குழந்தைகளுக்கு வரும் பரம்பரை ஈரல் நோய்

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருவது புதிய செய்தி அல்ல. பிறந்த இரண்டு மூன்று நாளில் கண்ணும் தோலும் மஞ்சளாகத் தெரியும். சில குழந்தைகளை ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழே படுக்க வைப்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்குள் மஞ்சள் மறைந்துவிடும்.

ஆனால், சில குழந்தைகளுக்கு மஞ்சள் போவதில்லை. மாதக் கணக்கில் இருக்கும். குழந்தை பால் குடிக்கும். ஆனாலும் எடை கூடாது. இரவெல்லாம் தூங்காமல் அழும். கொஞ்சம் வளர்ந்ததும் உடம்பைச் சொறிந்துகொண்டே இருக்கும். சொறிந்த இடமெல்லாம் புண்ணாகும்.

அப்போது வீட்டில் பேச்சு எழும். "கண் பட்டுவிட்டது" என்பார் ஒருவர். "கிரகணத்தன்று வெளியே வந்தாள்" என்பார் இன்னொருவர். "இவள் வந்த நேரம் சரியில்லை" என்று கடைசியில் பழி தாயின் மேல் விழும். அடுத்த குழந்தைக்கும் அதே நோய் வந்தால் கேட்கவே வேண்டாம். தாயைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு.

உண்மையில் இந்த நோய் எப்படி வருகிறது? யாரால் வருகிறது? தெரிந்துகொள்வோம்.

ஈரல் என்ன செய்கிறது?

நம் வயிற்றின் வலப்பக்கம், விலா எலும்புக்குக் கீழே ஈரல் இருக்கிறது. இதைக் கல்லீரல் என்றும் சொல்வோம். ஈரல் பல வேலைகளைச் செய்கிறது. அவற்றில் ஒன்று பித்தநீர் சுரப்பது. பெரியவர்களின் ஈரல் ஒரு நாளில் அரை லிட்டருக்கு மேல் பித்தநீர் சுரக்கிறது.

எண்ணெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுக்குப் போகாது. சோப்புப் போட்டால் போகும். பித்தநீரும் சோப்பு மாதிரிதான். அதில் பித்த உப்புகள் இருக்கின்றன. நாம் சாப்பிடும் எண்ணெய், நெய், பால் கொழுப்பு ஆகியவற்றை அவை சிறு சிறு துளிகளாகப் பிரிக்கின்றன. அதன் பிறகே கொழுப்பு செரிக்கும். ஏ, டி, ஈ, கே என்ற நான்கு வைட்டமின்களும் கொழுப்போடு சேர்ந்தே உடம்பில் ஏறும்.

ஈரலில் பித்தநீர் மெல்லிய குழாய்களில் ஓடுகிறது. சிறு குழாய்கள் சேர்ந்து பெரிய குழாய் ஆகின்றன. கடைசியில் பித்தநீர் குடலில் போய்ச் சேருகிறது. மலத்துக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதும் பித்தநீர்தான்.

பித்தநீர் நின்றுவிட்டால்?

ஒரு வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். நடுவில் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கீழே உள்ள வயல் காயும். மேலே தண்ணீர் தேங்கிக் கரையை அரிக்கும். உடம்பிலும் இதுவே நடக்கிறது.

கீழே உள்ள வயல், குடல். அங்கே பித்தநீர் வராததால் கொழுப்பு செரிக்காது. குழந்தை வளராது. வைட்டமின் டி ஏறாததால் எலும்பு வலுவிழக்கும். வைட்டமின் கே ஏறாததால் சிறு காயத்திலும் ரத்தம் நிற்காமல் வடியும்.

மேலே தண்ணீர் தேங்கும் இடம், ஈரல். தேங்கிய பித்தநீர் ஈரலையே அரிக்கும். நாளடைவில் ஈரல் தழும்பு ஏறிச் சுருங்கிக் கெட்டியாகும். பித்தம் ரத்தத்தில் கலக்கும். கண் மஞ்சளாகும். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகும். தோலில் தாங்க முடியாத அரிப்பு வரும். இந்த அரிப்புக்குக் காரணம் தோலில் இல்லை. அதனால் சொறி சிரங்குக்குப் போடும் களிம்பால் அது தீராது.

அடைப்பு எல்லாம் பரம்பரை அல்ல

பித்தநீர் நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒன்றை உடனே கண்டுபிடிக்க வேண்டும். சில குழந்தைகளுக்கு ஈரலுக்கு வெளியே உள்ள பித்தக் குழாயே அடைந்து போயிருக்கும். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. இந்தக் குழந்தைகளின் மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும். இதற்கு ஓர் அறுவைச் சிகிச்சை உண்டு. ஜப்பான் நாட்டு மருத்துவர் மோரியோ கசாய் 1950-களில் இதைக் கண்டுபிடித்தார். குழந்தை பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும்.

நம் நாட்டில் முன்பு இன்னொரு ஈரல் நோயும் இருந்தது. ஒரே வீட்டில் அடுத்தடுத்த குழந்தைகள் அதில் இறந்தார்கள். இது பரம்பரை நோய் என்றே பலர் நினைத்தார்கள். 1980-களில் புனேயில் ஆய்வு நடந்தது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலில் செம்பு இறங்கியது தெரிந்தது. அந்தப் பாலைக் குடித்த குழந்தைகளின் ஈரலில் செம்பு சேர்ந்திருந்தது. பாத்திரம் மாறியது. நோயும் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஆகவே, ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகளுக்கு நோய் வந்தால் உடனே பரம்பரை என்று முடிவு செய்யக் கூடாது. பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும். இனி, உண்மையிலேயே பரம்பரையாக வரும் நோயைப் பார்ப்போம்.

மரபணு என்றால் என்ன?

நம் உடம்பின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறிப்பு உண்டு. அந்தக் குறிப்புகளை மரபணுக்கள் என்கிறோம். கண்ணின் நிறம், முடியின் சுருள் எல்லாம் இவற்றின்படியே அமைகின்றன. ஒவ்வொரு குறிப்பும் நம்மிடம் இரண்டிரண்டாக இருக்கிறது. ஒன்று தாயிடமிருந்து வந்தது. மற்றொன்று தந்தையிடமிருந்து வந்தது.

பித்தநீர் ஓடுவதற்கும் குறிப்புகள் உண்டு. முக்கியமான மூன்று மரபணுக்களை விஞ்ஞானிகள் 1998-ஆம் ஆண்டு அடையாளம் கண்டார்கள்.

ஒன்று, ஈரலின் அணுக்களைச் சுற்றியுள்ள மெல்லிய சுவரைச் சீராக வைக்கிறது.

இரண்டாவது, பித்த உப்பை ஈரலிலிருந்து வெளியே இறைக்கும் பம்பை உண்டாக்குகிறது.

மூன்றாவது, பித்தநீரோடு ஒருவகைக் கொழுப்பைச் சேர்க்கிறது. அந்தக் கொழுப்பு சேர்ந்தால்தான் பித்தநீரின் காரம் தணியும். இல்லாவிட்டால் அது குழாயையே புண்ணாக்கும்.

இந்த மூன்றில் ஏதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் நோய் வரும். டாக்டர்கள் இதைப் பி.எப்.ஐ.சி. என்று சொல்கிறார்கள். பின்னர் வேறு சில மரபணுக்களும் கண்டுபிடிக்கப்பட்டன. 50,000 முதல் 1,00,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோய் வரும் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். அபூர்வமான நோய்தான். ஆனால், வந்த வீட்டுக்கு அது அபூர்வம் அல்ல.

புளியங்கொட்டையை உருட்டிப் பாருங்கள்

"எங்க வம்சத்துலயே இப்படி ஒரு நோய் கிடையாது, நர்சம்மா. எல்லாம் இவ வீட்டுல இருந்து வந்தது" என்று ஒரு மாமியார் சொல்லலாம்.

"இல்லீங்க பாட்டி. உங்க மகனும் பாதி கொடுத்தாத்தான் இந்த நோய் வரும்" என்பதுதான் நர்சின் பதிலாக இருக்கும்.

எப்படி? தாயம் விளையாடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்ப்போம் அல்லவா? அதுபோல இரண்டு கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வெள்ளையாகும் வரை தேயுங்கள். மறுபக்கம் கறுப்பாகவே இருக்கட்டும். வெள்ளை நல்ல பிரதி. கறுப்பு பழுதான பிரதி.

ஒரு கொட்டை தாய். இன்னொரு கொட்டை தந்தை. இருவரிடமும் ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு இருக்கிறது. ஒரு நல்ல பிரதி இருந்தாலே ஈரலின் வேலை நடக்கும். அதனால் இருவருக்கும் பெரும்பாலும் நோயே தெரியாது. தங்களிடம் பழுது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய பெற்றோருக்கும் தெரிந்திருக்காது. பழுது தலைமுறை தலைமுறையாகச் சத்தமில்லாமல் வரும்.

இப்போது இரண்டு கொட்டைகளையும் உருட்டுங்கள். மேலே தெரிவது குழந்தைக்குப் போவது.

இரண்டும் வெள்ளை விழுந்தால், குழந்தைக்கு நோயும் இல்லை, பழுதும் இல்லை.

ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு விழுந்தால், குழந்தை பெற்றோரைப் போல. பழுது உண்டு. நோய் இல்லை.

இரண்டும் கறுப்பு விழுந்தால் நோய் வரும்.

பல முறை உருட்டிப் பாருங்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு முறை இரண்டும் கறுப்பாக விழும். அதாவது, ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகள் நன்றாக இருக்கும் என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு முறையும் கொட்டை புதிதாகத்தான் உருளும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வாய்ப்பு ஒன்றுதான்.

ஒரு கொட்டை கறுப்பாக விழுந்து பயனில்லை. இரண்டும் விழ வேண்டும். தாய் பாதி, தந்தை பாதி. அப்படி இருக்கும்போது தாயை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா? கொட்டை எப்படி விழும் என்பது யார் கையிலும் இல்லை. தாய் கர்ப்பத்தில் சாப்பிட்ட சாப்பாட்டாலோ, செய்த வேலையாலோ, பார்த்த கிரகணத்தாலோ இந்த நோய் வருவதில்லை. இது தொற்று நோயும் அல்ல. குழந்தையைத் தூக்கலாம், கொஞ்சலாம், மற்ற குழந்தைகளோடு விளையாட விடலாம்.

சொந்தத்தில் கல்யாணம்

இந்தப் பழுது மிகச் சிலரிடம்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட இருவர் எப்படிக் கணவன் மனைவியாகச் சேருகிறார்கள்?

சொந்தத்தில் மணம் முடிக்கும்போது இது எளிதில் நடக்கும். தாத்தாவிடம் ஒரு பழுது இருந்தால் மகனுக்கும் மகளுக்கும் அது போயிருக்கலாம். மாமன் மகளும் அத்தை மகனும் மணந்தால் அதே பழுது இரண்டு பக்கமும் இருந்து வந்து சேரலாம். இவர்களுக்குள் எட்டில் ஒரு பங்கு மரபணு பொதுவானது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நான்கில் ஒரு பங்கு பொதுவானது. தென் மாநிலங்களில் இத்தகைய மணங்கள் அதிகம். நாட்டின் மற்ற பகுதிகளிலும் சில சமூகங்களில் உண்டு. சொந்தத்தில் மணந்தவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகளே பிறக்கின்றன. ஆனால், ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல்.

நேரடிச் சொந்தம் இல்லாவிட்டாலும் ஒரு சிறிய சமூகத்துக்குள்ளேயே பல தலைமுறை மணந்தால் இதுவே நடக்கும். அமெரிக்காவில் ஆமிஷ் என்ற சமூகம் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து போய்க் குடியேறிய விவசாய மக்கள் அவர்கள். தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள். அவர்களில் சில குடும்பங்களில் காமாலையும் அரிப்பும் வந்து குழந்தைகள் சிறு வயதில் இறந்தார்கள். 1969-ஆம் ஆண்டு டாக்டர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குடும்பங்கள் எல்லாம் ஜேக்கப் பைலர் என்ற ஒரே மனிதரின் வழி வந்தவை. அதனால் நோய்க்குப் பைலர் நோய் என்று பெயர் வந்தது. மேலே சொன்ன மூன்று மரபணுக்களில் முதலாவது பழுதானதே அதற்குக் காரணம் என்று 1998-இல் தெரிந்தது.

நம் நாட்டிலும் சாதிக்குள்ளேயே மணப்பது வழக்கம். ஐதராபாத் நகரில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் இருக்கிறது. அதன் விஞ்ஞானிகள் வெளிநாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து 260-க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்தார்கள். முடிவை 2017-இல் வெளியிட்டார்கள். பல சமூகங்கள் மிகச் சில முன்னோர்களின் வழி வந்தவை என்றும், பரம்பரை நோய்கள் அங்கே கூடுதலாக இருக்கலாம் என்றும் அவர்கள் சொன்னார்கள்.

இன்னொரு வகை

ஒரே ஒரு பிரதி பழுதானாலும் வரும் நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் அலாஜில். இதில் ஈரலுக்குள் பித்தக் குழாய்கள் குறைவாக இருக்கும். இதயத்திலும் முதுகெலும்பிலும் குறை இருக்கலாம். இதற்கான முக்கிய மரபணுவை 1997-இல் கண்டுபிடித்தார்கள். தாய், தந்தையில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் குழந்தைக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆனால், பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோரிடமிருந்து இது வருவதில்லை. கரு உருவாகும்போதே புதிதாகப் பழுது உண்டாகிவிடுகிறது. அங்கேயும் யார் மேலும் குற்றமில்லை.

சிகிச்சை உண்டா?

உண்டு. பித்தநீரை ஓடச் செய்யவும் அரிப்பைக் குறைக்கவும் மருந்துகள் இருக்கின்றன. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களைத் தனியாகக் கொடுப்பார்கள். பித்தநீர் இல்லாமலும் ஓரளவு செரிக்கும் கொழுப்பு உண்டு. அதற்காகத் தேங்காய் எண்ணெய் சேர்க்கச் சொல்வதுண்டு. சில குழந்தைகளுக்குப் பித்தநீரை வேறு வழியில் திருப்பிவிடும் அறுவைச் சிகிச்சை செய்வார்கள். அரிப்பைக் குறைக்க ஓடெவிக்ஸிபாட் என்ற புதிய மருந்துக்கு 2021-இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதி கொடுத்தன. அதன் விலை மிக அதிகம்.

ஈரல் முற்றிலும் கெட்டுவிட்டால் மாற்று ஈரல் வைக்க வேண்டும். முழு ஈரல் தேவையில்லை. தாயோ தந்தையோ ஒரு பகுதியைக் கொடுத்தால் போதும். கொடுத்தவருக்கு ஈரல் மீண்டும் வளரும். அவரிடம் ஒரு பழுதான பிரதி இருந்தாலும் பெரும்பாலும் கொடுக்கலாம். 1998-இல் டெல்லியில் ஒரு குழந்தைக்குத் தந்தை இப்படி ஈரல் கொடுத்தார். இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றி பெற்ற முதல் ஈரல் மாற்று அதுதான். இதற்குச் செலவு அதிகம். பிறகும் வாழ்நாள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டும்.

காமாலை இறக்குகிறேன் என்று சிலர் சுண்ணாம்புத் தண்ணீரில் கையைக் கழுவச் சொல்வார்கள். தண்ணீர் மஞ்சளாக மாறும். மாம்பட்டைச் சாற்றை முதலில் கையில் தடவினால் யார் கழுவினாலும் தண்ணீர் மஞ்சளாகும். அது உடம்பிலிருந்து இறங்கிய காமாலை அல்ல. சூடு போடுவதும், கண்ணில் சாறு பிழிவதும் குழந்தைக்குக் கொடுமை. அதைவிடப் பெரிய நஷ்டம், போன நாட்கள் திரும்பி வராது.

அடுத்த குழந்தை

ஒரு குழந்தைக்கு இந்த நோய் வந்தால், அடுத்த குழந்தைக்கு முன்பே மரபணு ஆலோசனை கேட்க வேண்டும். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து போக வேண்டும். ரத்தப் பரிசோதனையில் எந்த மரபணு பழுது என்று தெரியும். தாளில் ஏடிபி8பி1, ஏபிசிபி11, ஏபிசிபி4 என்பது போன்ற பெயர்கள் இருக்கும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். நோயுற்ற குழந்தை இறந்துவிட்டால், பழுதை அடையாளம் காட்டப் பெரும்பாலும் அந்தத் தாள்தான் இருக்கும்.

பழுது எது என்று தெரிந்தால், கர்ப்பத்தின் மூன்றாம் மாத வாக்கில் கருவைப் பரிசோதிக்கலாம். கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பரம்பரை நோயைக் கண்டறிய அதே சட்டம் அனுமதிக்கிறது. பரிசோதிப்பதா, வேண்டாமா என்பது பெற்றோரின் முடிவு. 2019-இல் மத்திய அரசு உம்மீத் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி சில அரசு மருத்துவமனைகளில் பரம்பரை நோய்களுக்கான நிதான் கேந்திரங்கள் அமைக்கப்பட்டன.

நினைவில் வையுங்கள்

1. இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பித்தநீர் அடைபட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

2. மலத்தின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

3. பச்சைக் குழந்தையின் சிறுநீருக்குப் பெரும்பாலும் நிறம் இருக்காது. துணியில் மஞ்சள் கறை படிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

4. தோலில் சொறி இல்லாமலே குழந்தை ஓயாமல் சொறிந்தால் ஈரலையும் பார்க்கச் சொல்லுங்கள்.

5. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆஷா பணியாளரிடமோ விசாரித்து, பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு வாங்குங்கள்.

6. தாயைக் குற்றம் சொல்லாதீர்கள். தூக்கமில்லாமல் குழந்தையைச் சுமப்பவள் அவள். அவளுக்குத் துணையாக இருங்கள்.